தெரு விட்ட இடத்தில் ஒரு மைதானம்

அமெரிக்காவின் பழைய பேஸ்பால் மைதானங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: பேஸ்பால் மைதானங்கள் ஒன்றுக்கொன்று அளவிலும் வடிவத்திலும் மிகவும் வேறுபடுகின்றனவாமே? ஒரே விளையாட்டுக்கு இத்தனை வகை ஆடுகளங்கள் இருப்பது நியாயமா?

பதில்: பேஸ்பால் ஆடுகளத்தில் விதிப்புத்தகம் அங்குலக் கணக்கில் அளந்து வைத்திருக்கும் பகுதி ஒன்று, மைதானத்தைக் கட்டியவரின் வசதிக்கே நெடுங்காலம் விட்டு வைத்திருந்த பகுதி இன்னொன்று. ஓட்டக்காரர் தொட்டுச் செல்லும், சதுரமாக அமைந்த நான்கு பேஸ்களில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி, பிட்சர் (பந்து எறிபவர்) நின்று எறியும் இடத்திலிருந்து, பேட்டர் நின்று அடிக்கும் ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம் என்ற அளவுகள் எந்த ஊருக்குப் போனாலும் மாறுவதில்லை. அந்தச் சதுரத்துக்கு அப்பால் விரியும் அவுட்ஃபீல்ட் எங்கே முடிய வேண்டும், முடியும் இடத்தில் நிற்கும் சுவர் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், அது வளைந்து செல்ல வேண்டுமா, முட்டுச்சந்து போல் திரும்ப வேண்டுமா என்பனவற்றை அக்கம்பக்கத்துத் தெருக்களே தீர்மானித்தன.

மரத்தால் கட்டப்பட்ட பழைய அரங்கங்கள் அடிக்கடி தீக்கிரையானதால், 1909-இல் பிலடெல்பியாவின் ஷைப் பார்க்கும் பிட்ஸ்பர்க்கின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டும் இரும்பும் கான்கிரீட்டும் கொண்டு கட்டப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் மற்ற நகரங்களும் அதே வழியில் சென்றன. ரசிகர்கள் டிராம் வண்டியில் வந்து சேர வேண்டியிருந்ததால் நகருக்குள்ளேயே நிலம் தேடவேண்டியிருந்தது. கிடைத்த மனை கோணலாக இருந்தால் மைதானமும் கோணலாயிற்று. 1958 ஜூன் 1-க்குப் பிறகு கட்டப்படும் மைதானங்களில் ஹோம் பிளேட்டிலிருந்து, ஆடுகளத்தின் இரு பக்க எல்லைகளான ஃபவுல் கோடுகளின் முனை வரை 325 அடியும் நடுப்பகுதிச் சுவர் வரை 400 அடியும் குறைந்தபட்சம் இருக்க வேண்டும் என்று விதி வந்தபோது, சுவையான கோணல்கள் எல்லாம் ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்டிருந்தன.

நியாயத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஆட்டத்தில் இரு அணிகளும் அதே சுவரை நோக்கித்தான் பந்தை அடிக்கின்றன என்பதால் அநியாயமும் சமமாகவே பங்கிடப்படுகிறது. சொந்த மைதானத்தின் கோணலுக்கு ஏற்றபடி ஆட்களைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளும் அணிக்குக் கொஞ்சம் கூடுதல் லாபம் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் எல்லா அணிகளும் அதைத்தான் செய்தன.

கேள்வி: பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க்கில் இருக்கும் பச்சைச் சுவரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: 1912 ஏப்ரல் 20 அன்று முதல் லீக் ஆட்டம் கண்ட ஃபென்வே பார்க், அமெரிக்காவின் உயர்மட்டத் தொழில்முறைப் போட்டியான பெரிய லீக்கில் இன்றும் பயன்பாட்டில் உள்ள மைதானங்களில் மிகப் பழையது. அதன் இடப்பக்கத்தை ஒட்டி லான்ஸ்டவுன் தெரு ஓடுவதால் அந்தத் திசையில் மைதானத்தை நீட்ட வழியே இல்லை. தூரம் கிடைக்காத இடத்தில் உயரத்தைக் கூட்டினார்கள். ஃபவுல் கோட்டின் முனையில் வெறும் 310 அடி தூரத்தில் 37 அடி 2 அங்குல உயரத்துக்கு நிற்கும் அந்தச் சுவருக்குப் ‘பச்சை அரக்கன்’ என்று பெயர். தொடக்கத்தில் அது பச்சையாகவும் இல்லை. 1947 வரை விளம்பரங்களே அதை நிறைத்திருந்தன.

இச்சுவர் ஆட்டத்தின் கணக்கையே புரட்டிப் போடுகிறது. வேறு மைதானத்தில் ஃபீல்டர் சாவகாசமாக நின்று பிடித்துவிடக்கூடிய உயரமான பந்து இங்கே சுவரைத் தாண்டி ஹோம் ரன் (எல்லா பேஸ்களையும் சுற்றி வந்து ரன் எடுக்கும் அடி) ஆகிறது. வேறு மைதானத்தில் தாழ்வாகச் சீறிப் பாய்ந்து ஹோம் ரன் ஆகியிருக்க வேண்டிய பந்து இங்கே சுவரில் மோதித் திரும்பி வந்து, அடித்தவர் முதல் பேஸோடு நின்றுவிடவும் நேர்கிறது. 1978 அக்டோபர் 2 அன்று, பாஸ்டனும் நியூயார்க் யாங்கீஸும் சமநிலையில் முடித்த பருவத்தில் தங்கள் பிரிவின் வெற்றியாளரை முடிவு செய்ய நடந்த கூடுதல் ஆட்டத்தில், அந்தப் பருவம் முழுவதும் அதுவரை நான்கே ஹோம் ரன்கள் அடித்திருந்த யாங்கீஸ் அணியின் பக்கி டென்ட் பந்தை இச்சுவருக்கு மேலே அனுப்பி மூன்று ரன்கள் சேர்த்தார். அன்று இடப்பக்கம் நின்ற பாஸ்டனின் கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி, இந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் பந்தின் போக்கை யாரைவிடவும் நன்கு அறிந்தவர். ஆனால் பந்து சுவரில் படவே இல்லையென்றால் அந்த அறிவால் என்ன பயன்?

சுவரின் அடியில் 1934 முதல் கையால் இயக்கப்படும் ஸ்கோர் பலகை இருக்கிறது; உள்ளே ஆட்கள் அமர்ந்து எண் தகடுகளை மாற்றுகிறார்கள். அதன் வெள்ளைக் கோடுகளில், நெடுங்காலம் அணியின் உரிமையாளர்களாக இருந்த யாக்கி தம்பதியின் பெயர்களின் முதலெழுத்துகள் மோர்ஸ் குறியீட்டில் எழுதப்பட்டுள்ளன. சுவரில் பொருத்திய ஏணி ஒன்றும் இருக்கிறது. தெருவிலுள்ள கடைகளின் கண்ணாடிகளைக் காப்பதற்காகச் சுவருக்கு மேலே கட்டியிருந்த வலையில் சிக்கும் பந்துகளை எடுக்க அது பயன்பட்டது. 2003-இல் வலையை அகற்றி அங்கே இருக்கைகள் அமைத்த பிறகும் ஏணியை யாரும் கழற்றவில்லை. வேலையற்ற ஏணி ஒன்று ஆடுகளத்திலேயே நிற்பதும், பந்து அதில் பட்டால் எங்கே தெறிக்கும் என்று ஃபீல்டர்கள் இன்றும் கவலைப்படுவதும் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்கள்.

கேள்வி: அதே மைதானத்தில் ஒரே ஓர் இருக்கைக்கு மட்டும் சிவப்பு வண்ணம் பூசியிருப்பது ஏன்?

பதில்: 1946 ஜூன் 9 அன்று பாஸ்டன் அணியின் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி தூரம் பறந்து அந்த இடத்தில்தான் விழுந்தது. வலப்புறத் திறந்த மாடத்தின் 37-ஆவது வரிசையில் அந்த இருக்கை இருக்கிறது. அங்கே நின்று ஹோம் பிளேட்டைப் பார்த்தவர்களில் பலர் இந்தக் கணக்கை நம்புவதில்லை.

கேள்வி: சிகாகோ ரிக்லி ஃபீல்டில் சுவர் முழுவதும் கொடி படர்ந்திருக்கிறதே, பந்து அதற்குள் போய் மறைந்துவிட்டால் என்ன செய்வார்கள்?

பதில்: பந்து கொடிக்குள் சிக்கிக்கொண்டால் ஃபீல்டர் இரு கைகளையும் உயர்த்தி நடுவருக்குக் காட்ட வேண்டும், நடுவர் ஒப்புக்கொண்டால் பேட்டருக்கு இரண்டாவது பேஸ் வழங்கப்படும், மற்ற ஓட்டக்காரர்களும் இரண்டு பேஸ் முன்னேறுவர். ஆனால் ஃபீல்டர் ஆசைப்பட்டுக் கொடிக்குள் கையை விட்டுத் துழாவத் தொடங்கினால் பந்து ஆட்டத்தில் இருப்பதாகவே கருதப்படும். அவர் தேடிக்கொண்டிருக்கும்போது எதிரணியினர் எத்தனை பேஸ் வேண்டுமானாலும் ஓடலாம். அனுபவமுள்ள ஃபீல்டர்கள் பந்து கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாதவர்போல் கையைத் தூக்குவதுண்டு. ஏப்ரல் மாதத்தில் இலையே இல்லாமல் காய்ந்த தண்டுகள் மட்டும் செங்கல்லைப் பற்றிக்கொண்டிருக்கும் என்பதால், இந்த நாடகம் கோடையில்தான் எடுபடும்.

1914-இல் வேறோர் அணிக்காகக் கட்டப்பட்ட அம்மைதானத்துக்குக் கப்ஸ் அணி 1916-இல் குடிவந்தது. கொடி 1937-இல், பில் வீக் என்பவரின் மேற்பார்வையில் நடப்பட்டது. மிச்சிகன் ஏரி அருகிலேயே இருப்பதால் காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்பதைப் பார்த்துத்தான் அன்றைய ஆட்டத்தின் போக்கை ஊகிக்க வேண்டும். காற்று வெளிநோக்கி வீசிய 1979 மே 17 அன்று பிலடெல்பியா அணி கப்ஸ் அணியை 23-க்கு 22 என்ற கணக்கில் வென்றது. பேஸ்பாலில் ஓர் அணி ஐந்து ரன் எடுத்தாலே சுமாரான ஆட்டம் என்பதை நினைவில் வைத்தால் இதன் வேடிக்கை புரியும்.

இரவு ஆட்டத்துக்கான விளக்குகள் இங்கே கடைசியாகத்தான் வந்தன. 1942 பருவத்துக்காக வாங்கி வைத்த விளக்குச் சாதனங்களை, பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பின் உரிமையாளர் பிலிப் ரிக்லி போர்ப்பணிக்குக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு 1988 ஆகஸ்ட் 8 அன்றுதான் விளக்குகள் எரிந்தன. ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தின் நான்காவது இன்னிங்ஸில் மழை கொட்டி ஆட்டமே செல்லாமல் போனது. மறுநாள் நடந்ததுதான் கணக்கில் சேர்ந்த முதல் இரவு ஆட்டம்.

கேள்வி: உங்கள் கணக்கில் மிக விசித்திரமான மைதானம் எது?

பதில்: சந்தேகமே வேண்டாம், நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ். அது குளியல் தொட்டியின் வடிவில் இருந்தது. இடப்பக்கக் கோட்டின் முனை 279 அடி, வலப்பக்கம் சுமார் 258 அடி. நடுப்பகுதியோ ஏறத்தாழ 480 அடிக்கு நீண்டு கிடந்தது. வீரர்களின் உடைமாற்றும் அறைகள் அந்த நடுக்கோடியில் இருந்ததால், தோற்ற பிட்சர் அத்தனை பேர் பார்வையிலும் மைதானம் முழுக்க நடந்து படியேறிப் போக வேண்டும். இடப்பக்கத்தில் மேல்மாடம் ஆடுகளத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்ததால், கீழே ஃபீல்டர் பிடிக்கக் காத்து நிற்கும்போதே பந்து மாடத்தின் விளிம்பில் உரசி ஹோம் ரன் ஆவதும் உண்டு.

இம்மைதானத்தின் குணம் முழுவதையும் ஒரே பிற்பகலில் பார்த்துவிடலாம். 1954 செப்டம்பர் 29, பருவத்தின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் முதல் ஆட்டம். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியும் கிளீவ்லாந்து அணியும் 2-2 என்று சமநிலையில் இருந்தன. எட்டாவது இன்னிங்ஸில் இரண்டு ஓட்டக்காரர்கள் பேஸில் நிற்க, கிளீவ்லாந்தின் விக் வெர்ட்ஸ் நடுப்பகுதியை நோக்கி 400 அடிக்கும் அப்பால் பந்தை விளாசினார். வேறு பல மைதானங்களில் அது ஹோம் ரன் ஆகியிருக்கும். போலோ கிரவுண்ட்ஸில் அதற்குப் பின்னாலும் புல்வெளி மிச்சமிருந்தது. அந்த மிச்சத்தில் ஹோம் பிளேட்டுக்கு முதுகைக் காட்டி ஓடிய வில்லி மேஸ், தலைக்கு மேலாக வந்த பந்தை ஓட்டத்திலேயே பிடித்துத் திரும்பி எறிந்தார். பிறகு கூடுதலாக ஆடிய பத்தாவது இன்னிங்ஸில் மாற்று பேட்டராக வந்த டஸ்டி ரோட்ஸ், வலப்பக்கக் கோட்டை ஒட்டி ஒரு பந்தைத் தூக்கி அடித்தார். சுமார் 260 அடிதான் போயிற்று, சுவரைத் தாண்டிவிட்டது. 5-2 என்று ஜயன்ட்ஸ் வென்றது. அன்றைய மிகச் சிறந்த அடி அவுட் ஆனதும், மிகச் சுமாரான அடி ஆட்டத்தை வென்றதும் அந்தக் கட்டடத்தின் கைங்கரியம். வில்லி மேஸ் பிடித்த பந்தைப் பற்றி எழுதும் பலர் இரண்டாவது பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுவது எனக்குச் சற்றுக் குறையாகவே படும்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர்கள் நிலம் தர மறுத்ததால் மைதானத்தின் சுவர் வளைந்து போனதாகப் படித்தேன். உண்மையா?

பதில்: உண்மைதான். வாஷிங்டனின் கிரிஃபித் ஸ்டேடியத்தில் நடுப்பகுதிச் சுவர் திடீரென உள்நோக்கி மடங்கி, சில வீடுகளையும் ஒரு பெரிய மரத்தையும் சுற்றிக்கொண்டு போயிற்று. அந்த வீட்டுக்காரர்கள் விற்க இசையவில்லை. இடப்பக்கத் தூரமும் அங்கே மிக அதிகம். 1945 பருவம் முழுவதிலும் வாஷிங்டன் செனட்டர்ஸ் அணி சொந்த மைதானத்தில் ஒரே ஒரு ஹோம் ரன்தான் அடித்தது. அதுவும் சுவரைத் தாண்டியதன்று, ஜோ கூல் உள்ளே அடித்துவிட்டுச் சுற்றி ஓடி எடுத்தது.

சின்சினாட்டியின் கிராஸ்லி ஃபீல்டில் தொல்லை வேறு விதம். தெரு மைதானத்தைவிட உயரமாக இருந்ததால் இடப்பக்கத் தரை சுவரை நெருங்க நெருங்க மேடாக ஏறியது. அண்ணாந்து பார்த்தபடி பின்னோக்கி ஓடும் ஃபீல்டருக்கு அந்த மேடு சுவர் வருவதை எச்சரித்தது. பழக்கமில்லாதவரைக் கவிழ்க்கவும் செய்தது. ஓய்வு பெறும் தறுவாயில் 1935-இல் அங்கே ஆடவந்த புகழ்பெற்ற பேட்டர் பேப் ரூத்கூட அதில் தடுமாறி விழுந்தார்.

கேள்வி: அந்தக் காலச் சுவர் விளம்பரங்களைப் பற்றி ஏதேனும் சொல்லுங்கள்.

பதில்: புரூக்ளினின் எபட்ஸ் ஃபீல்டில், வலப்பக்க ஸ்கோர் பலகையின் அடியில் ஏப் ஸ்டார்க் என்ற துணிக்கடைக்காரர் ஒரு பலகை வைத்திருந்தார்: பந்தால் இதை அடிப்பவருக்கு ஒரு கோட்டு சூட்டு இலவசம். பலகை தரையை ஒட்டி இருந்தது. அதற்கு முன்னால் கார்ல் ஃபுரில்லோ போன்ற கெட்டிக்கார ஃபீல்டர் நின்றார். எனவே கடைக்காரருக்குச் செலவு அதிகமில்லை, பெயர் மட்டும் ஊரெங்கும் பரவியது. பின்னாளில் அவர் புரூக்ளின் நகர்ப்பகுதியின் தலைவராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே பலகையின் மேலிருந்த ஷேஃபர் பீர் விளம்பரமோ வேலையும் செய்தது. பேட்டர் முறையாக அடித்துப் பேஸை அடைந்தால் அந்தப் பெயரின் ஓர் எழுத்தும், ஃபீல்டரின் பிழையால் அடைந்தால் வேறோர் எழுத்தும் ஒளிரும்.

பிலடெல்பியாவின் பேக்கர் பவுல் மைதானத்தில் வலப்பக்கச் சுவர் 280 அடியிலேயே நின்றது. பந்துகள் ஓயாமல் அதில் மோதித் திரும்பியதால், அங்கே நின்ற சக் கிளைன் 1930-இல் 44 ஓட்டக்காரர்களை அவுட்டாக்க உதவும் எறிகளை எறிந்தார். அதே ஆண்டு ஃபிலீஸ் அணி .315 (ஆயிரம் முறைக்கு 315 வெற்றிகரமான அடி) என்ற அபாரமான பேட்டிங் சராசரியோடு 102 ஆட்டங்களில் தோற்றது. சுவர் எதிரணிக்கும் அதே தூரத்தில்தான் இருந்தது அல்லவா? பின்னர் அச்சுவரில் ஃபிலீஸ் வீரர்கள் பயன்படுத்துவது லைஃப்பாய் சோப்புதான் என்று பெரிதாக விளம்பரம் எழுதினார்கள். அப்படியும் அவர்கள் நாறுகிறார்கள் என்று உள்ளூர்க்காரர்கள் சேர்த்துச் சொன்னார்கள்.

கேள்வி: டிக்கெட் வாங்காமல் மாடியிலிருந்து பார்ப்பவர்களை நிர்வாகம் எப்படிச் சமாளித்தது?

பதில்: ஷைப் பார்க்கின் வலப்பக்கம் இருபதாம் தெருவில் வரிசையாக வீடுகள் இருந்தன, வீட்டுக்காரர்கள் மாடியில் பலகைகள் போட்டுக் காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தைக் காட்டினார்கள். 1935-இல் உரிமையாளர்கள் அந்தப் பக்கத்துச் சுவரைத் தகரம் வைத்து 34 அடிக்கு உயர்த்தினார்கள். ஊரார் அதற்கு ‘வீம்பு வேலி’ என்று பெயரிட்டனர். மாடி ரசிகர்கள் போனார்கள். அதற்கு ஈடாக டிக்கெட் விற்பனை பெருகியதாகவும் தெரியவில்லை. அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்ததுதான் காரணம். சிகாகோவில் ரிக்லி ஃபீல்டைச் சுற்றிய மாடிகள் பெரிய வணிகமாக வளர்ந்தபோது, கப்ஸ் அணி 2002-இல் வழக்குத் தொடுத்து, 2004-இல் அவற்றின் வருவாயில் 17 சதவீதம் பங்கு பெறும் உடன்பாட்டுக்கு வந்தது. பிற்பாடு அணியின் உரிமையாளர் குடும்பம் அக்கட்டடங்களில் பலவற்றை வாங்கியே விட்டது.

கேள்வி: இன்னும் நிற்கும் மைதானங்களில் மிகப் பழையது ஃபென்வேதானா?

பதில்: பெரிய லீக்கில் மட்டும் அப்படி. அலபாமா மாநிலம் பர்மிங்காமில் உள்ள ரிக்வுட் ஃபீல்ட் 1910 ஆகஸ்ட் 18 அன்று திறக்கப்பட்டது. வெள்ளையர் அணியான பாரன்ஸும், கறுப்பினத்தவர் லீக்கைச் சேர்ந்த பிளாக் பாரன்ஸும் அங்கே மாறி மாறி ஆடின. பார்வையாளர் இருக்கைகளும் இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. பழைய மைதானங்களை நினைத்து உருகும்போது நாம் மறந்துவிடும் பகுதி இது. மேலே சொன்ன வில்லி மேஸ் பதினேழு வயதில், 1948-இல், பிளாக் பாரன்ஸ் அணிக்காக ஆடியது இங்கேதான். 2024 ஜூன் 20 அன்று பெரிய லீக் ஆட்டம் ஒன்று முதன்முறையாக அங்கே நடத்தப்பட்டது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் அவர் காலமானார். அன்றைய ஒளிபரப்பில், 1967-இல் பர்மிங்காம் அணியில் ஆடிய கறுப்பின வீரர் ரெஜி ஜாக்சன், தன்னை உணவகங்களும் விடுதிகளும் திருப்பி அனுப்பியதை எந்த மழுப்பலும் இன்றி எடுத்துரைத்தார். விழாவுக்குத் தேவையான பேச்சு அதுவே என்பது என் எண்ணம்.

கேள்வி: அமெரிக்காவுக்கு வெளியே சொல்லத்தக்க பழைய மைதானம் ஏதேனும் உண்டா?

பதில்: ஜப்பானின் கோஷியன். 1924-இல் திறக்கப்பட்ட இம்மைதானத்தின் வெளிச்சுவரிலும் கொடி படர்ந்திருக்கிறது. உள்வட்டம் புல்லின்றி முழுக்கக் கருமண். பள்ளி அணிகளின் தேசியப் போட்டியில் தோற்ற மாணவர்கள் அந்த மண்ணைப் பையில் அள்ளிச் செல்வது வழக்கம். 1958-இல் ஒகினாவாவின் ஷூரி பள்ளி மாணவர்கள் அள்ளிச் சென்ற மண், ஒகினாவா அப்போது அமெரிக்க ஆட்சியில் இருந்ததால், தாவர நோய்த்தடுப்புச் சட்டப்படி கொட்டப்பட்டது. செய்தி கேட்ட விமானப் பணிப்பெண்கள், சட்டம் தடுக்காத கூழாங்கற்களை மைதானத்திலிருந்து எடுத்து அவர்களுக்கு அனுப்பினர்.

கேள்வி: இவ்வளவு அருமையான மைதானங்களை ஏன் இடித்தார்கள்? புதியவற்றில் அந்த அழகைக் கொண்டுவர முடியாதா?

பதில்: அருமை என்பது நமக்கு, அன்று அங்கே அமர்ந்தவர்களுக்குத் தூண் மறைத்தது, இருக்கை இடித்தது, காரை நிறுத்த இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரசிகர்கள் புறநகர்களுக்குப் போய்விட்டார்கள். டிராம் காலத்து மைதானம் கார் காலத்துக்குப் பொருந்தவில்லை. 1957 பருவம் முடிந்ததும் எபட்ஸ் ஃபீல்டின் டாட்ஜர்ஸும் போலோ கிரவுண்ட்ஸின் ஜயன்ட்ஸும் கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டன. எபட்ஸ் ஃபீல்டை 1960-இலும் போலோ கிரவுண்ட்ஸை 1964-இலும் இடித்து அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டினார்கள். பிட்ஸ்பர்க், சின்சினாட்டி, பிலடெல்பியா ஆகிய நகரங்கள் 1970, 1971 ஆண்டுகளில் அமெரிக்கக் கால்பந்துக்கும் பொதுவான வட்ட அரங்கங்களுக்கு மாறின. செயற்கைப் புல், எல்லாத் திசையிலும் ஒரே வளைவு. எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே தெரியாது. ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் 61 ஆண்டுகள் நின்றது. அதற்கு மாற்றாக வந்த வட்ட அரங்கத்தை 2001-இலேயே வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

1992-இல் பால்டிமோரில் திறந்த கேம்டன் யார்ட்ஸ், பழைய ரயில்வே கிடங்கு ஒன்றை இடிக்காமல் தன் வலப்பக்கத்துக்குப் பின்னணியாக வைத்துக்கொண்டது. அது பொருந்தியதற்குக் காரணம், கிடங்கு அங்கே உண்மையாகவே இருந்தது. சான்பிரான்சிஸ்கோவில் விரிகுடா குறுக்கிட்டதால் வலப்பக்கம் 309 அடியோடு நின்றது; அதையும் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஹூஸ்டனில் 2000-இல் கட்டிய மைதானத்தில், எந்தத் தெருவும் வற்புறுத்தாதபோது, கிராஸ்லி ஃபீல்டின் மேட்டை நினைவுபடுத்த நடுப்பகுதியில் செயற்கையாக ஒரு மேட்டை எழுப்பி, டெட்ராய்ட்டின் டைகர் ஸ்டேடியத்தில் இருந்ததைப் போல ஒரு கொடிக்கம்பத்தையும் ஆடுகளத்திலேயே நட்டார்கள். வீரர்கள் காலை ஒடித்துக்கொள்வார்கள் என்ற பயத்தைத் தவிர அதனால் விளைந்தது அதிகமில்லை. 2016 பருவத்துக்குப் பிறகு மேட்டைச் சமன் செய்துவிட்டார்கள்.

கேள்வி: நேரில் போய்ப் பார்க்க நினைக்கிறேன். எந்த இருக்கையை வாங்கலாம்?

பதில்: ஃபென்வேக்குப் போவதாக இருந்தால், கூரைக்கு அடியில் இருக்கும் மரநாற்காலி வரிசைகளில் டிக்கெட் எடுக்குமுன் பார்வை மறைப்பு என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால், பிட்சர் அல்லது பேட்டர் இருவரில் ஒருவரைத் தூண் மறைக்கும். வலப்பக்கக் கோடியில் உள்ள பழைய இருக்கைகள் ஹோம் பிளேட்டை நோக்காமல் நடுப்பகுதியை நோக்கி அமைந்திருப்பதால், மூன்று மணி நேரம் கழுத்தைத் திருப்பி வைத்திருக்க வேண்டி வரும். கால் நீண்டவர்கள் மரநாற்காலியையே தவிர்ப்பது நல்லது. ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்காவிட்டால் மைதானத்தைச் சுற்றிக்காட்டும் ஏற்பாடு இருக்கிறது. அதில் பச்சைச் சுவரின் மேலுள்ள இருக்கைகளுக்கும் வழக்கமாக அழைத்துச் செல்கிறார்கள்.